தங்கை மன்னித்துவிட்டாள், நிலம் திரும்பவில்லை

கோத்தகிரி பக்கத்திலிருந்து ஒருவர் கேட்ட கேள்வி இது. வயது 61. அம்மா முன்பே இல்லை, அப்பா 1996இல் உயில் எழுதாமல் இறந்துபோனார். அப்பா சொந்தச் சம்பாத்தியத்தில் வாங்கிய ஒன்றேகால் ஏக்கர் தேயிலைத் தோட்டத்துக்கு வாரிசு இவரும் ஒரே தங்கையும்தான். 1998இல், சொசைட்டிக் கடனுக்குச் சாட்சிக் கையெழுத்து என்று சொல்லித் தங்கையை அழைத்துப்போய், தன் பங்கை விட்டுக்கொடுப்பதாக எழுதும் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கிவிட்டார். 2007இல் தோட்டத்தை விற்றார். அந்தப் பணத்தில் மகனை இன்ஜினியரிங் படிக்கவைத்து, மிச்சத்தில் வேறொரு இடத்தில் 80 சென்ட் வாங்கினார். பழைய தோட்டத்தில் இப்போது காட்டேஜ் நிற்கிறது. விற்ற பிறகுதான் தங்கைக்கே விஷயம் தெரியும். இரண்டு வருஷம் முன்பு இவர் நெஞ்சுவலியில் படுத்திருந்தபோது அந்தத் தங்கையே வந்து கையைப் பிடித்து, "விடுண்ணா, நான் எப்பவோ மன்னிச்சிட்டேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். ஆனால் தங்கை மகன் இன்றுவரை முகம் கொடுத்துப் பேசுவதில்லை, பிளஸ் டூவோடு படிப்பை நிறுத்தித் திருப்பூருக்குப் பனியன் கம்பெனி வேலைக்குப் போனவன், போன வருஷம் அவன் கல்யாணப் பத்திரிகையில் தாய்மாமன் பெயரே இல்லை. மனைவி "முடிஞ்சதைக் கிளறாதீங்க" என்கிறார். இவருக்கு ராத்திரி தூக்கம் இல்லை. "மன்னித்தது நிஜம் என்றால் ஏன் எதுவும் மாறவில்லை, இன்னும் நான் என்னதான் செய்ய வேண்டும்?" என்று கேட்கிறார்.

நான் யார் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். சாமியார் இல்லை, மனநல மருத்துவரும் இல்லை. நீலகிரியில் ஒரு சார்பதிவாளர் அலுவலக வாசலில் 31 வருஷம் ஆவண எழுத்தராக உட்கார்ந்திருந்தவன். உங்கள் தங்கை கையெழுத்துப் போட்டாரே, அந்த மாதிரிப் பத்திரங்களை எழுதிச் சோறு தின்றவன். விடுதலைப் பத்திரம் என்கிற பெயரே எனக்கு ஒரு கட்டத்துக்கு மேல் கசந்துவிட்டது, அதில் யாருக்கு விடுதலை என்று இன்றுவரை புரியவில்லை. எத்தனையோ பெண்கள் அண்ணன், தம்பி, கொழுந்தன் பின்னால் பேசாமல் வந்து பெஞ்சில் ஓரமாக உட்கார்ந்து, கூப்பிட்டபோது எழுந்து, "எங்கே போடணும்?" என்று மட்டும் கேட்டுப் போட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். மனசு ஒத்து எழுதிக் கொடுத்தவர்களும் உண்டு, அதையும் சொல்ல வேண்டும். முகத்தைப் பார்த்தாலே எங்களுக்கு வித்தியாசம் தெரியும், தெரிந்தும் எழுதினோம்.

சட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டு நகர்கிறேன், ஏனென்றால் உங்கள் பிரச்சினை இப்போது சட்டத்தில் இல்லை. அப்பா சொந்தமாக வாங்கிய சொத்து, உயில் இல்லை என்றால் 1956ஆம் வருஷ இந்து வாரிசுரிமைச் சட்டப்படியே மகனுக்கும் மகளுக்கும் சம பங்கு. 1989, 2005 திருத்தங்கள் எல்லாம் பூர்வீகச் சொத்து பற்றியவை, உங்களுக்கு அது தேவையே இல்லை. ஒன்றேகால் ஏக்கரில் பாதி, அறுபத்திரண்டரை சென்ட், 1996லிருந்தே உங்கள் தங்கையுடையது. நீங்கள் அவருக்குக் கொடுக்காமல் விட்டீர்கள் என்பது சரியான வார்த்தை இல்லை, அவருடையதை எடுத்தீர்கள். ஏமாற்றி வாங்கிய பத்திரத்தை ரத்து செய்யச் சொல்லி வழக்குப் போடவும் கெடு உண்டு, ஏமாற்றியது தெரிந்த நாளிலிருந்து மூன்று வருஷம். அவர் போடவில்லை. அண்ணன் மேல் கேஸ் போட வேண்டாம் என்று நினைத்தாரா, வக்கீலுக்குக் கொடுக்கக் கையில் காசு இல்லையா, நீங்கள்தான் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். கேட்டிருக்கிறீர்களா?

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். மன்னிப்பு நிஜம் என்றால் ஏன் எதுவும் மாறவில்லை?

வில்லங்கச் சான்று பார்த்திருப்பீர்கள். ஒருவர் நிலத்தை அடமானம் வைக்கிறார், அது வில்லங்கத்தில் ஏறுகிறது. பத்து வருஷம் கழித்துக் கடனை அடைக்கிறார், கடன் கொடுத்தவர் ரசீது எழுதிக் கொடுக்கிறார், அதையும் பதிவு செய்கிறார்கள். இப்போது வில்லங்கம் போட்டுப் பார்த்தால் அடமானம் காணாமல் போயிருக்குமா என்றால் போகாது. அந்த வரி அப்படியே இருக்கும், கீழே ரசீது என்று இன்னொரு வரி சேர்ந்திருக்கும். இது தெரியாமல் எங்களிடம் சண்டைக்கு வந்தவர்கள் ஏராளம். "கடனைக் கட்டிட்டேன்யா, இன்னும் ஏன் காட்டுது, அழிச்சுக் கொடு" என்பார்கள். பதிவுப் புத்தகத்தில் அழிப்பது என்ற வேலையே கிடையாது. ஒரு சர்வே நம்பர் தப்பாக விழுந்தாலும் பழையதைச் சுரண்ட முடியாது, பிழைதிருத்தல் பத்திரம் என்று தனியாக ஒன்று எழுதித்தான் பதிய வேண்டும், தப்பும் திருத்தமும் இரண்டும் நிற்கும்.

உங்கள் தங்கை சொன்னது ரசீது. அது நிஜம்தான், அதில் சந்தேகப்படாதீர்கள். நீங்கள் எதிர்பார்த்தது அழிப்பு. 1998ஐ யாரும் அழித்துத் தர முடியாது, அவராலும் முடியாது, கடவுளிடம் கேட்டால் கிடைக்கலாம் என்று நினைத்தால் அதற்கும் நம் மலையிலேயே ஒரு பதில் இருக்கிறது.

எனக்குப் படுகர் நண்பர்கள் நிறைய. அவர்கள் ஹட்டியில், அதாவது அவர்கள் ஊரில், சாவுக்குப் போயிருந்தால் கவனித்திருப்பீர்கள், கரு ஹரசுவது என்று ஒரு சடங்கு. ஊர்ப் பெரியவர் ஒருவர் இறந்தவரின் பாவங்களை ஒவ்வொன்றாகச் சொல்லுவார், கூடி நிற்பவர்கள் அது நீங்கட்டும் என்று சேர்ந்து சொல்லுவார்கள். பாம்பை அடித்தது, பல்லியைக் கொன்றது, அண்ணன் தம்பிக்குள் கோள் மூட்டியது, எல்லைக்கல்லை நகர்த்தியது, வழி கேட்டவனுக்குத் தப்பான வழி காட்டியது, பசியோடு வந்தவனுக்குச் சோறு போடாதது, குளிரில் வந்தவனுக்கு நெருப்பு கொடுக்காதது என்று அது போய்க்கொண்டே இருக்கும். பழைய காலத்தில் ஒரு கன்றுக்குட்டியைக் கொண்டுவந்து பாவத்தையெல்லாம் அதன் மேல் இறக்கி ஓட்டிவிடுவார்கள் என்று 19ஆம் நூற்றாண்டில் வந்த வெள்ளைக்காரர்கள் எழுதிவைத்திருக்கிறார்கள். முதல் தடவை கேட்டபோது எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது, ஏனென்றால் இறந்தவர் பல்லியைக் கொன்றாரா இல்லையா என்று அங்கே யாரும் விசாரிப்பதில்லை. நல்லவருக்கும் கெட்டவருக்கும் ஒரே பட்டியல். மனுஷன் என்றால் இதில் ஏதோ ஒன்றைச் செய்திருப்பான் என்கிற முடிவோடுதான் ஆரம்பிக்கிறார்கள்.

எனக்கு எல்லைக்கல் மட்டும் மனசில் நின்றுவிட்டது, தொழில் அப்படி. கல்லை நகர்த்திய பாவம் நீங்கட்டும் என்று ஊரே சொன்னது. எல்லாரும் கை கால் கழுவிவிட்டு வீட்டுக்குப் போனார்கள். மறுநாள் கல் எங்கே இருந்தது? நகர்த்திய இடத்திலேயே இருந்தது. பக்கத்து நிலத்துக்காரனுக்கு அந்த நாலடி திரும்ப வரவில்லை. வர வேண்டுமானால் மகன் மண்வெட்டியோடு போய்க் கல்லைப் பிடுங்கிப் பழைய குழியில் நட வேண்டும். அந்தச் சடங்கு பொய் என்று நான் சொல்லவில்லை, அதன் வேலை வேறு, மண்வெட்டியின் வேலை வேறு. செத்தவனால் மண்வெட்டி எடுக்க முடியாது. நீங்கள் உயிரோடு இருக்கிறீர்கள்.

மன்னிப்பும் விளைவும் பக்கத்துப் பக்கத்திலேயே நடக்கும் என்பதற்கு எனக்குத் தெரிந்த பெரிய உதாரணம் ஒன்று உண்டு, அதிலும் ஊட்டி வருகிறது. ஒடிசாவில் தொழுநோயாளிகளுக்கு வேலை செய்த கிரகாம் ஸ்டெயின்ஸ் என்ற ஆஸ்திரேலியரையும் அவருடைய இரண்டு பையன்களையும் 1999 ஜனவரியில் மனோகர்பூர் என்ற ஊரில் வண்டிக்குள்ளேயே வைத்து எரித்தார்கள். பையன்களுக்கு வயது 10, 6. இரண்டு பேரும் ஊட்டியில் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தவர்கள், விடுமுறைக்கு வீட்டுக்குப் போனவர்கள். செய்தி வந்த அன்று இந்த மலையில் பலர் சாப்பிடவில்லை. அவர் மனைவி கிளாடிஸ் கொன்றவர்களை மன்னித்துவிட்டதாகச் சொன்னார். சொன்னதோடு நிற்காமல் அந்தத் தொழுநோய் இல்லத்தை விட்டுவிட்டு ஓடாமல் வருஷக்கணக்கில் அங்கேயே இருந்து வேலை பார்த்தார், 2005இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். வழக்கு தன் வழியில் போனது. முக்கியக் குற்றவாளிக்கு விசாரணை நீதிமன்றம் தூக்குத் தண்டனை கொடுத்தது, உயர்நீதிமன்றம் அதை ஆயுளாகக் குறைத்தது, 2011இல் உச்சநீதிமன்றம் ஆயுளை உறுதி செய்தது. அந்த அம்மா மன்னித்தார் என்பதால் சிறைக் கதவு திறக்கவில்லை, திறக்காததால் அவர் மன்னித்தது பொய்யாகவும் போய்விடவில்லை. வீட்டில் இரண்டு கட்டில் காலியாகவே கிடந்திருக்கும்.

சட்டமும் கிட்டத்தட்ட இப்படித்தான் பிரித்து வைத்திருக்கிறது. ஏமாற்று வழக்கைப் பாதிக்கப்பட்டவர் நீதிமன்ற அனுமதியோடு சமாதானம் செய்துகொள்ளலாம், பழைய சட்டத்தில் 420 என்பார்களே அதுதான். ஆனால் கவனக்குறைவாக வண்டி ஓட்டி ஒருவர் இறந்துபோனால், சமாதானம் செய்துகொள்ளக்கூடிய குற்றங்களின் பட்டியலில் அது இல்லை, இறந்தவர் வீட்டார் மனசார மன்னித்தாலும் சரி. மலைப் பாதையில் வண்டி ஓட்டும் ஆட்கள் பலருக்கு இது மாட்டிய பிறகுதான் தெரிகிறது.

இப்போது என் கதை. இதைச் சொல்லாமல் உங்களுக்குப் புத்தி சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை.

1994. ஒரு கைம்பெண், முப்பது வயதுகூட இருக்காது, கேரட் போடும் நிலம். கொழுந்தன் அழைத்து வந்திருந்தார். பத்திரம் எழுதி முடித்தால் எழுதிக் கொடுப்பவருக்கு வாசித்துக் காட்ட வேண்டும், "வாசிக்கக் கேட்டு சரியென ஒப்புக்கொண்டு" என்று கடைசியில் ஒரு வரி வரும். கொழுந்தன் என் காதருகே வந்து, "கொஞ்சம் வேகமா வாசிங்க" என்றார். மேல் வரும்படியாக 300 ரூபாய். எனக்கு வீட்டில் அப்போது கஷ்டம், அது காரணமே இல்லை, கஷ்டம் இல்லாவிட்டாலும் வாசித்திருப்பேன். ஆடி மாசத்து அருவி மாதிரி வாசித்தேன், "சகல பாத்தியங்களையும்", அதாவது எல்லா உரிமைகளையும், என்ற இடத்தில் இன்னும் வேகம். அந்த அம்மா கட்டைவிரலை மைத்தட்டில் அழுத்தினார். இடுப்பில் இருந்த குழந்தை மையைத் தொட்டுத் தன் சட்டையில் தேய்த்துக்கொண்டது. அந்தக் கறைக்காக அவர் குழந்தையை அதட்டினார். எனக்கு ஞாபகம் இருப்பது அந்த அதட்டல்தான்.

ஒரு வருஷம் கழித்து விஷயம் தெரிந்து வந்தார். கத்தவில்லை. "நீங்களாவது சொல்லியிருக்கலாமே" என்று மட்டும் கேட்டார். நான் "வாசித்துக் காட்டினேனேம்மா" என்றேன். அந்தப் பதில்தான் நான் செய்ததிலேயே பெரிய தப்பு, பத்திரத்தைவிட அதுதான்.

தொழிலை விட்ட பிறகு, 2016இல், அவர் வீட்டுக்குப் போனேன். நடந்ததை முழுசாகச் சொன்னேன், 300 ரூபாய் உட்பட. கோர்ட்டுக்குப் போவதாக இருந்தால் சாட்சி சொல்லுகிறேன் என்றேன். அவர் மகள், அன்று சட்டையில் மை தேய்த்த குழந்தை, ஒரு வக்கீலைக் கேட்டுவிட்டுக் கெடு எப்போதோ தாண்டிவிட்டது என்றது. அந்த அம்மா கொஞ்ச நேரம் அடுப்பையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "மன்னிச்சாச்சு, போங்க. ஆனா இனிமே இந்தப் பக்கம் வராதீங்க. உங்களைப் பார்த்தா எனக்கு அந்த மேசை ஞாபகம் வருது" என்றார்.

எனக்கு முதலில் கோபம் வந்தது, வெட்கமாக இருந்தாலும் சொல்கிறேன். மன்னித்துவிட்டு வராதே என்றால் அது என்ன மன்னிப்பு என்று பஸ்ஸில் வரும் வழியெல்லாம் மனசுக்குள் வாதாடினேன். உங்கள் கேள்வியும் அதே கேள்விதான், அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். அவர் என் மேல் வைத்திருந்த வழக்கைத் தள்ளுபடி செய்தார், அவ்வளவுதான் அவர் கையில் இருந்தது. என்னைப் பார்க்கும்போது வயிறு கலங்குவது அவர் கையில் இல்லை. இப்போதும் ஒரே பஸ் ரூட்தான். நிறுத்தத்தில் அவர் நிற்பது தெரிந்தால் நான் தேநீர்க் கடைப் பக்கம் ஒதுங்கிவிட்டு அடுத்த பஸ்ஸுக்கு நிற்பேன். மார்கழியில் முக்கால் மணி நேரம் நிற்பது சுகமாக இல்லை. ஆனால் அது எனக்கு நியாயமாகப் படுகிறது, யாரும் விதித்த தண்டனை இல்லை, நான் நகர்த்திய கல் அங்கே இருக்கிறது, அதைச் சுற்றித்தான் நான் நடக்க வேண்டும்.

இனி உங்களுக்குக் கொஞ்சம் கடுமையாக ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. உங்கள் தங்கை எதை மன்னித்தார் என்று அவருக்கு முழுசாகத் தெரியுமா? தோட்டம் என்ன விலைக்குப் போனது, முன்பணம் எப்போது வாங்கினீர்கள், கையெழுத்து வாங்கும்போதே விற்கிற எண்ணம் இருந்ததா, அந்தப் பணத்தில் எவ்வளவு மகன் படிப்புக்குப் போனது, எவ்வளவு 80 சென்ட்டுக்குப் போனது, இதில் எதையாவது உங்கள் வாயால் சொல்லியிருக்கிறீர்களா? உங்கள் கடிதத்தில் அப்படி ஒரு வரி இல்லை. நெஞ்சுவலியில் படுத்திருக்கிற அண்ணனைப் பார்க்க வந்தவர் பயத்தில், பாசத்தில், "விடுண்ணா" என்றார். நீங்கள் அதை வாங்கி வைத்துக்கொண்டீர்கள். அதாவது 1998இல் செய்ததையே இரண்டாவது தடவையும் செய்திருக்கிறீர்கள், என்ன எழுதியிருக்கிறது என்று படித்துக் காட்டாமல் கையெழுத்து வாங்கியிருக்கிறீர்கள். உங்களுக்குத் தூக்கம் வராததற்குக் காரணம் இதுவாக இருக்கலாம் என்று எனக்குப் படுகிறது. அவர் மன்னிப்பில் குறை இல்லை, உங்கள் வாக்குமூலத்தில்தான் குறை.

முழுசாகச் சொன்னால் அவர் மன்னிப்பைத் திரும்ப எடுத்துக்கொண்டுவிடுவாரோ என்று பயம் வரும். எடுத்துக்கொள்ளலாம், அது அவர் உரிமை. அல்லது மன்னித்துவிட்டு நாலு மாசம் கழித்து ஒரு நாள் கோபத்தில் பழசைச் சொல்லிக் கத்தலாம். அப்போது "அன்னைக்கு மன்னிச்சேன்னு சொன்னியே" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். சீகை (வாட்டில்) மரம் வெட்டியவர்களைக் கேட்டுப் பாருங்கள். ஆஸ்திரேலியாவிலிருந்து வெள்ளைக்காரன் கொண்டுவந்த மரம், சுதந்திரத்துக்குப் பிறகு தோல் பதனிடும் பட்டைக்காகவும் விஸ்கோஸ் கூழுக்காகவும் நம் வனத்துறையே மேல்மலைப் புல்வெளிகளில் ஏக்கர் ஏக்கராக நட்டது, சும்மா கிடக்கிற புல்தானே என்று நினைத்து. அப்புறம்தான் அந்தப் புல்தான் மழைத் தண்ணீரைப் பிடித்து வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக ஓடைக்கு விட்டது என்று புரிந்தது, தோடர் கோயிலுக்குக் கூரை வேயும் புல்லே கிடைப்பது கஷ்டமானது. சரி என்று வெட்டினார்கள். வெட்டினால் முடிந்ததா? விதை மண்ணுக்குள் பல பத்து வருஷம் உயிரோடு கிடக்கும். வெயில் பட்டால், நெருப்பு பட்டால் கம்பளம் விரித்த மாதிரி முளைத்து வரும். ஒவ்வொரு மழைக்கும் ஆள் போய்க் கையால் பிடுங்க வேண்டும், அடுத்த வருஷமும், அதற்கடுத்த வருஷமும். முளைக்கிறது என்பதற்காக வெட்டியது பொய் என்று யாரும் சொல்வதில்லை. தங்கை மனசிலும் ஒரு கல்யாணம், ஒரு ஆஸ்பத்திரிச் செலவு, பேரன் ஸ்கூல் ஃபீஸ் என்று ஏதாவது வரும்போது அது முளைக்கும். பிடுங்குகிற வேலை அவருடையது. விதைத்தது நீங்கள், அதனால் அவர் பிடுங்கும்போது அலுத்துக்கொள்ளாமல் கூட இருப்பது உங்கள் வேலை.

தங்கை மகன் விஷயம் வேறு. அவன் உங்களை மன்னிக்கவில்லை என்பதால் தங்கை மன்னித்தது பாதிதான் என்று நினைக்கிறீர்கள், அது தப்புக் கணக்கு. அவனுக்கு நடந்தது தனி நஷ்டம். 2008இல் பிரியங்கா காந்தி வேலூர் சிறைக்குப் போய், தன் அப்பா ராஜீவ் காந்தி கொலை வழக்கில் தண்டனை பெற்ற நளினியைச் சந்தித்தது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். அந்த வழக்கின் நியாய அநியாயத்துக்குள் நான் போகவில்லை, ஆளுக்கொரு கருத்து இருக்கும். ஆனால் ஸ்ரீபெரும்புதூரில் அன்று இறந்தது ராஜீவ் காந்தி மட்டும் அல்ல, போலீஸ்காரர்களும் கட்சிக்காரர்களும் இறந்தார்கள். 2022இல் விடுதலை வந்தபோது அந்தக் குடும்பங்களிலிருந்து எங்களை யார் கேட்டார்கள் என்று குரல் வந்தது. ஒருவர் பங்கை இன்னொருவர் எழுதிக் கொடுக்க முடியாது, பத்திரம் எழுதிய எனக்கு இதைவிடத் தெளிவாக வேறெதுவும் தெரியாது. தங்கை தன் பங்கை விட்டுக்கொடுத்தார். அவன் பங்கு அவன் கையில் இருக்கிறது.

கல்யாணப் பத்திரிகையில் தாய்மாமன் பெயர் இல்லாதது ஊரில் தலைகுனிவுதான், எனக்குப் புரிகிறது. ஆனால் அவன் கோணத்திலிருந்து பாருங்கள். மாமன் மகன் இன்ஜினியர். அந்தப் பட்டத்தில் பாதி அவன் அம்மாவின் அறுபத்திரண்டரை சென்ட். அவன் திருப்பூரில் ஷிப்டு பார்த்தவன். மாமன் சீர் கொண்டுவந்து மேடையில் நிற்க, அவன் சிரித்துக்கொண்டே போட்டோ எடுத்துக்கொள்ள வேண்டுமா? தயவுசெய்து ஊர்ப் பெரியவர்கள் யாரையும் அவனிடம் அனுப்பாதீர்கள், முக்கியமாகத் தங்கையை விட்டுப் பேசச் சொல்லாதீர்கள். அம்மாவையே மாமனுக்காகத் தூது போகவைத்தால் அவன் கோபம் இன்னும் நியாயமாகிவிடும்.

இனி 80 சென்ட். கணக்குப்படி பார்த்தால் அதில் அறுபத்திரண்டரை தங்கையுடையது என்று சொல்ல எனக்கு வாய் வருகிறது. பழைய தோட்டமும் இதுவும் ஒரே மதிப்பா என்பதெல்லாம் வேறு. ஆனால் உங்கள் மனைவி சாப்பிடுவதும் அந்த நிலத்தில்தான், அவர் எந்தப் பத்திரத்திலும் பொய் சொல்லவில்லை. "கிளறாதீங்க" என்று அவர் சொல்வது உங்கள் நிம்மதிக்காகச் சொல்வது மாதிரி இருக்கிறது, உள்ளே மிஞ்சப்போகும் பதினேழரை சென்ட் பயம் இருக்கும். அதைத் திட்டாதீர்கள், உட்கார்ந்து பேசுங்கள். மகன் சம்பாதிக்கிறான் என்றால் அவனையும் கூப்பிட்டு, உன் படிப்பு எப்படி வந்தது என்று சொல்லுங்கள். அவன் கோபப்படுவான், உங்கள் மேல் வைத்திருந்த மதிப்பு குறையும். அது நீங்கள் இதுவரை கட்டாத பாக்கி. நிலமாக முடியாவிட்டால் பணமாக, ஒரே தடவையில் முடியாவிட்டால் தவணையாக, ஆனால் மொத்தம் எவ்வளவு என்பதையும் அதில் எவ்வளவு கட்டவே முடியாது என்பதையும் தங்கையிடம் ஒளிக்காமல் சொல்லிவிடுங்கள்.

நிலம் கொடுப்பதாக இருந்தால் உயிலில் எழுதி வைக்கிறேன் என்று மட்டும் ஆரம்பிக்காதீர்கள். உயிலை நீங்கள் உயிரோடு இருக்கும்வரை நினைத்தால் மாற்றலாம், நீங்கள் போன பிறகு உங்கள் பிள்ளைகள் கோர்ட்டுக்கு இழுக்கலாம், இரண்டும் தங்கைக்குத் தெரியும். தான செட்டில்மென்ட் பத்திரமாக இப்போதே எழுதி, பதிந்து, பட்டாவையும் அவர் பெயருக்கு மாற்றிக் கொடுங்கள். பத்திரத்தில் நிபந்தனை எதுவும் வேண்டாம், "அன்பின் காரணமாக" என்று எழுதச் சொல்வார்கள், அது வழக்கமான வாசகம், பரவாயில்லை. தங்கை மகன் பெயரில் எழுதி அவனைச் சமாதானப்படுத்தலாம் என்று ஒரு யோசனை வரும், அதுவும் வேண்டாம். எடுத்தது தங்கையிடமிருந்து, போக வேண்டியது தங்கைக்கு. அவர் அதை விற்றாலும் சரி, உங்கள் மருமகனுக்கே கொடுத்தாலும் சரி, திரும்ப உங்கள் பேரனுக்கே எழுதி வைத்தாலும் சரி, அது அவர் பாடு. வேண்டாம் என்று சொன்னாலும் அன்றைக்கே சந்தோஷமாகத் தலையாட்டிவிட்டு வந்துவிடாதீர்கள். ஆறு மாசம் கழித்து இன்னொரு தடவை கேளுங்கள்.

இவ்வளவும் செய்தால் நிம்மதி வருமா என்றால், என் அனுபவத்தில் பாதி வரும். தூக்கம் எனக்குத் திரும்ப வந்தது, அந்த அதட்டல் போகவில்லை. ஆனால் தூக்கமின்மை மாசக்கணக்கில் போகிறது, சாப்பாடு பிடிக்கவில்லை, இருந்து என்ன பயன் என்கிற மாதிரி யோசனை வருகிறது என்றால், அதைக் குற்ற உணர்ச்சி என்று மட்டும் நினைத்துச் சுமக்காமல் மருத்துவரிடம் போங்கள். 14416 என்ற அரசு மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம், காசு இல்லை. இதய நோய் வேறு இருக்கிறது உங்களுக்கு.

இந்த வாரமே செய்யக்கூடிய வேலை ஒன்று இருக்கிறது. 1998 பத்திரத்தின் நகலுக்கு மனுப் போடுங்கள், 2007 கிரயப் பத்திரத்துக்கும் சேர்த்து. இரண்டும் கைக்கு வந்ததும் மத்தியான நேரமாகப் பார்த்துத் தங்கை வீட்டுக்குத் தனியாகப் போங்கள், பழம், பலகாரம் எதுவும் வேண்டாம். அவரை உட்காரவைத்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, முதல் வரியிலிருந்து மெதுவாக வாசியுங்கள். சர்வே நம்பரையும் நான்கு எல்லையையும்கூட விடாதீர்கள், அது அவர் சின்ன வயசில் ஓடி விளையாடிய இடம், கிழக்கே ஓடை என்று வந்தால் எந்த ஓடை என்று அவருக்குத் தெரியும். "சகல பாத்தியங்களையும்" என்ற இடம் வரும்போது நிறுத்தி, அதற்கு என்ன அர்த்தம் என்று சொல்லுங்கள். நடுவில் அவர் எழுந்து அடுப்படிக்குப் போனால் அவர் திரும்பி வரும்வரை காத்திருந்து, விட்ட வரியிலிருந்து ஆரம்பியுங்கள்.